ஏழு புள்ளி ஒன்று புள்ளி நான்கு

காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. அவன் நிறுத்தினான். கைப்பேசியில் பட்டியலைத் திறந்தான். ‘காலை’ என்று ஒரு வரி. பக்கத்திலிருந்த சின்ன முக்கோணத்தைத் தொட்டதும் அது விரிந்தது.

பல் தேய்.

பாலை அடுப்புல வை. பக்கத்துலயே நில்லு.

பக்கத்துலயே நில்லுன்னா பக்கத்துலயே.

கண்ணாடியைத் தேடாதே. ஃபிரிட்ஜ் மேல இருக்கு.

அவன் பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். பக்கத்திலேயே நின்றான். கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் வரியைத் தொட்டால் அதன் மேல் ஒரு கோடு விழும். மறுநாள் காலையில் கோடுகள் போய், வரிகள் மறுபடி புதிதாக நிற்கும்.

பட்டியலை எழுதியவள் அவன் மனைவி. அவள் செத்துப் பத்து மாதம் ஆகிறது. பால் இன்னும் ஒருமுறைகூடப் பொங்கி வழியவில்லை.

பட்டியலின் கடைசியில் ‘மத்தது’ என்று ஒரு வரி மடிந்து கிடந்தது. அதை அவன் திறந்ததே இல்லை. திறந்துவிட்டால் பிறகு திறக்க ஒன்றும் இருக்காது. சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

இருவரும் வேலை பார்த்தது கையேட்டு வாரியத்தில். மற்ற அலுவலகங்கள் எப்படி நடக்கவேண்டும் என்று கையேடு எழுதித் தருவது அதன் தொழில். குடைகளை எங்கே வைப்பது என்பதற்கு நூற்று நாற்பது பக்கம். கையேடுகளைக் கையாள்வதற்கே ஒரு கையேடு; அது கனம் அதிகமென்பதால் இருவர் சேர்ந்துதான் தூக்கவேண்டும் என்று அதன் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். அவன் ஐந்தாம் பிரிவு. அவள் மூன்றாம் பிரிவு.

வாரியம் எழுதியதெல்லாம் ஒரே சொற்செயலியில். அதில் ‘அவுட்லைன்’ என்று ஒரு வசதி உண்டு. தலைப்பு, உள்தலைப்பு, உள்ளுக்குள் தலைப்பு என்று அடுக்கி எண் போட்டுக்கொள்ளலாம். ஒரு தலைப்பை நகர்த்தினால் எண்கள் தாமாக மாறும். எதற்கு மாறும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவள் அதை ஒரு வாரம் உபயோகித்துப் பார்த்துவிட்டு, அடுக்குவதற்கென்றே செய்யப்பட்ட வேறொரு செயலியைத் தேடிப் பிடித்தாள். அதில் பக்கம் கிடையாது, ஓரம் கிடையாது, எழுத்தின் பருமன்கூடக் கிடையாது. வரிகள் மட்டும். ஒரு வரிக்குள் இன்னொன்றைச் செருகலாம், மடித்து வைக்கலாம். பிடித்து இழுத்தால் கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி உள்ளிருப்பதெல்லாம் கூடவே வரும்.

“அதுலயே அவுட்லைன் இருக்கே, அப்புறம் எதுக்கு இது தனியா?” என்று அவன் அப்போது கேட்டான்.

“அது பக்கத்துக்குன்னு பொறந்தது. நான் இன்னும் பக்கத்துக்கே வரலையே. யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்” என்றாள்.

வீட்டில்தான் அதை வைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் வைத்திருந்தால் குற்றக் குறிப்பாணை வந்திருக்கும்.

அன்று அவன் வேலைக்கு வந்ததும் ஆண்டறிக்கையின் வரைவுப் பிரதி மேசைக்கு வந்தது. ஏழாம் அத்தியாயம்: ‘இவ்வாண்டு நம்மைவிட்டு நீங்கியவை’.

7.1 கழிக்கப்பட்ட பொருட்கள்.

7.1.1 மூன்று கால் மேசை, ஒன்று.

7.1.2 சுற்றாத மின்விசிறி, இரண்டு.

7.1.3 தண்ணீர் வடிகட்டி, கசிவுடன்.

7.1.4 என்ற எண்ணுக்கு நேராக அவன் மனைவியின் பெயர் இருந்தது. அதன் கீழே, ‘மேற்கண்ட யாவும் பழுதுபார்க்க இயலாதவை எனச் சான்றளிக்கப்படுகிறது.’ அதற்கும் கீழே, ‘7.2 மறைந்த ஊழியர்கள்: எவருமில்லை.’

அவன் இரண்டு முறை படித்தான். தாளை எடுத்துக்கொண்டு எண்காரரின் அறைக்குப் போனான்.

எண்காரர் என்பவர் எண் சரிபார்ப்புத் தலைவர். வாரியத்தில் எண்ணைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்கே. ஆண்டறிக்கையில் யாராவது என்டர் விசையைத் தட்டவேண்டுமானால் முதல்நாளே அவரிடம் என்டர் சீட்டு வாங்கவேண்டும்.

“சார், என் மனைவி பேரு தண்ணி வடிகட்டிக்குக் கீழ வந்திருக்கு.”

எண்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “கீழன்னு சொல்லாதீங்க தம்பி. அடுத்ததா வந்திருக்கு.”

“மறைந்த ஊழியர்கள்ல வரணும் சார்.”

“வரணும். யாரு இல்லைன்னாங்க? போன மாசம் எவனோ சீட்டு இல்லாம ஒரு என்டர் தட்டிட்டான். அதுல சறுக்கினது. எட்டாவது அத்தியாயத்தைப் பாருங்க, கேன்டீன் விலைப்பட்டியல் எல்லாம் தொலைநோக்குத் திட்டத்துல போய் உக்காந்திருக்கு. அதைப் படிச்சிட்டு மேலிடத்துலேருந்து பாராட்டு வேற வந்திருக்கு.”

“இந்த ஒண்ணை மட்டும் மாத்திக் குடுங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். நல்ல மனிதர். “மூணு மணிக்கு வாங்க.”

மூன்று மணிக்கு மணி அடித்தது. அதன் பெயர் கையெடு மணி. மூன்று மாடிகளிலும் எல்லோரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். எண்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பெயரைப் பிடித்து மறைந்த ஊழியர்களில் ஏற்றினார். எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றினாற்போல் திரையில் எண்கள் ஓடின. பிறகு நின்றன.

7.2.1. அவள் பெயர். சரியாக.

“வந்துட்டா சார்” என்றான் அவன்.

எண்காரரின் கண் ஆறாம் அத்தியாயத்தில் இருந்தது. 6.5 அடைப்பு நீக்கப்பட்ட கழிவறைகள். 6.5.1 இரண்டாம் மாடி. 6.5.2 மாண்புமிகு இயக்குநர்.

“தம்பி, கதவைச் சாத்துங்க” என்றார் எண்காரர். “ஒருத்தர் ஏறினா ஒருத்தர் இறங்கறார். இது இப்படித்தான். உங்க சம்சாரத்தை அங்க வெச்சா இவரு இங்க வர்றாரு. இவரை வெளிய எடுத்தா அவங்க வடிகட்டிக்குப் போயிடுவாங்க. நீங்களே சொல்லுங்க, நான் யாரை எங்க வைக்கட்டும்?”

“இயக்குநர் அங்கயே இருக்கட்டும் சார்.”

“எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு தம்பி.”

ஐந்து நிமிடத்தில் அவள் தண்ணீர் வடிகட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் மாமனார் போன் செய்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் வரிக்கு அடியில் விரல் வைத்து, கடைசி சீட்டில் தூங்குகிறவனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பது அவர் வழக்கம். மருந்துச் சீட்டையும் அப்படித்தான் படிப்பார்.

“மாப்பிள்ளை, அழைப்பிதழ் வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. எங்களுக்கு முன் வரிசைன்னு போட்டிருக்கு. புத்தகத்துல பாப்பா பேரு வருதாமே?”

“வருது மாமா.”

“எத்தனாவது பக்கம்?”

“பக்கம் இன்னும் முடிவாகல மாமா.”

“சரி சரி. நான் மொதல்லேருந்தே படிச்சுக்கிட்டு வந்துடறேன்.” பிறகு, “அவ கடைசியா என்ன சொன்னான்னு நான் கேட்டதில்ல. நீங்களும் சொன்னதில்ல” என்றார்.

“பெரிசா ஒண்ணுமில்ல மாமா.”

“சின்னதாவே இருக்கட்டுமே. தோணும்போது சொல்லுங்க.”

அவன் போனை வைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டான். மாமனார் முதலிலிருந்து படித்துக்கொண்டு வருவார். மேசை, மின்விசிறி, வடிகட்டி, மகள். சத்தமாக.

மறுநாள் காலை பாலுக்குப் பக்கத்தில் நின்றபடியே விண்ணப்பம் எழுதினான். ஆண்டறிக்கையை மட்டும் வேறு செயலியில் அடுக்க அனுமதி வேண்டும். அதில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கமாட்டார்.

செயலித் தேர்வுக் குழு புதன்கிழமை கூடியது. இயக்குநர் நடுவில். துணை இயக்குநர் வலப்பக்கம். எண்காரர் இடப்பக்கம், தலையைக் குனிந்தபடி. துணை இயக்குநர் விண்ணப்பத்தை இரண்டு விரலால் எலியைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினார்.

“யோசிக்கிறதுக்குத் தனியா ஒரு சாஃப்ட்வேர்னு எழுதியிருக்கார் சார். நம்ம அமைப்புல யோசிக்கிறதுக்குன்னு ஒரு பிரிவே கிடையாது. எந்தப் பிரிவு இதை உபயோகிக்கும்?”

இயக்குநர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் குறைந்தது இருபது நிமிடம்.

“முப்பது வருஷமா இந்த வாரியம் ஒரே சொற்செயலியில ஓடுது. அது சரியா வேலை செய்யுதான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. அதுக்குப் பேருதான் நம்பிக்கை. நம்மகிட்ட ஐம்பத்திரண்டு பேர் இருக்காங்க. இருபது பேர் எழுதறாங்க. முப்பத்திரண்டு பேர் நம்பரைச் சரி பாக்கறாங்க. நம்பர் தானா சரியா வந்துடுச்சுன்னா அந்த முப்பத்திரண்டு பேரும் எழுத ஆரம்பிச்சுடுவாங்க. அதை யாரு படிக்கிறது? நான் படிக்கிறதில்ல. தவறைத் திருத்தறதுக்கு நாம எதிரி இல்ல. தவறே இல்லாமப் போயிட்டா திருத்தம்கற மகத்தான பண்பாடு என்ன ஆகும்கறதுதான் என் கவலை.”

துணை இயக்குநர் கைதட்டினார். எண்காரரும் தட்டினார், ஒரு கையால் மேசையில்.

“சரி, காட்டுங்க. காட்டறதுல ஒண்ணும் தப்பில்ல” என்றார் இயக்குநர்.

வாரியத்தின் கணினிகளில் அந்தச் செயலி இல்லை. அவன் கைப்பேசியைச் சுவரில் காட்டும் புரொஜெக்டரோடு இணைத்தான். அதில் இருந்ததே ஒரு பட்டியல்தான். சுவரில் ஆளுயரத்துக்கு விரிந்தது: பாலை அடுப்புல வை. பக்கத்துலயே நில்லு. பக்கத்துலயே நில்லுன்னா பக்கத்துலயே.

துணை இயக்குநர் வாய்விட்டுப் படித்தார். “இது எந்தத் துறைக்கான கையேடு?”

“வீட்டுக்கு சார்.”

“யாரு எழுதினது?”

“மூன்றாம் பிரிவு சார்.”

“நல்ல தெளிவு” என்றார் இயக்குநர். “ரெண்டாவது வரியை யாரும் பின்பற்ற மாட்டாங்கன்னு தெரிஞ்சு மூணாவது வரி. நம்மகிட்ட இப்படி ஒண்ணுகூட இல்லையே. அது சரி, அந்தக் கடைசி வரி ஏன் மடிஞ்சிருக்கு?”

“அது மத்தது சார்.”

“மத்ததுன்னா?”

“திறந்ததில்ல சார்.”

“எனக்குத் தெரியாத ஒண்ணு என் சுவத்துல மடிஞ்சு இருக்கக்கூடாது. திறங்க.”

அவன் கையை எடுத்துக்கொண்டான். துணை இயக்குநர் எட்டிப் போய், கைப்பேசியில் அந்த முக்கோணத்தைத் தொட்டுவிட்டார்.

சுவரில் இரண்டு வரி விழுந்தது.

ஒண்ணுமில்ல.

இங்க என்ன நோண்டிக்கிட்டிருக்கே? போய் வேலையைப் பாரு.

இயக்குநரின் காதுகள் சிவந்தன. அவரிடம் அப்படிச் சொல்லக்கூடியவர் அதுவரை வீட்டில் மட்டுமே இருந்தார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. பத்து மாதமாக வராத ஒன்று. வாயைப் பொத்திக்கொண்டு வெளிவிட்டான். கூட்டக் குறிப்பில் அது ‘விண்ணப்பதாரருக்கு இருமல்’ என்று பதிவாயிற்று. அதற்கு முந்தைய வரி: ‘குழுவினர் போய் வேலையைப் பார்க்குமாறு சுவர் மூலம் அறிவுறுத்தப்பட்டனர்.’

அரைமணி நேரம் விவாதித்து அந்த இடத்திலேயே ஒரு விதி இயற்றினார்கள். விதி பதினொன்று: மடிந்திருப்பவை எவ்வதிகாரியின் பார்வைக்கும் உட்பட்டவை அல்ல, விரிந்திருப்பவை மட்டுமே பரிசீலிக்கப்படும். இனி எந்த வரியும் எந்த இயக்குநரையும் வேலையைப் பார்க்கச் சொல்லமுடியாது.

“ஆக, விண்ணப்பம் நிராகரிக்கப்படுது” என்று துணை இயக்குநர் பேனாவைத் திறந்தார்.

“சார், ஒரே ஒரு தடவை இழுத்துக் காட்டறேன்” என்றான் அவன். அறிக்கையின் அத்தியாயத் தலைப்புகளைத் தட்டிப் போட்டான். 4 நிர்வாகம். அதன் உள்ளே மூன்றாவதாக, இயக்குநர். விரலை வைத்து அந்த வரியை மட்டும் மேலே இழுத்தான். 4.1-க்கு வந்தது. வேறு அத்தியாயத்தில் எதுவும் அசையவில்லை.

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பதினொரு வருஷமா நான் நாலு புள்ளி மூணு” என்றார். “வாகன நிறுத்துமிடம் நாலு புள்ளி ரெண்டு. கேட்டா, நம்பரைத் தொட முடியாது சார்னு சொல்வாங்க.” எண்காரர் இன்னும் குனிந்தார். “இன்னும் மேல போகுமா?”

“போகும் சார்.”

“இழுங்க.”

மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனார். இரண்டுக்குப் போனார். முன்னுரையைத் தாண்டினார். பிறகு அவரே எழுந்து வந்து அவன் கையை விலக்கிவிட்டுத் தன் விரலை வைத்தார். பொருளடக்கத்தைத் தாண்டினார். வாரியத்தின் குறிக்கோள் வாசகத்தின் கீழ் ஒரு நொடி தயங்கினார், அதையும் தாண்டினார். மேலே இனி இடமில்லை என்றதும், “அட்டை?” என்று கேட்டார்.

மாலைக்குள் ஆணை வந்துவிட்டது. ஆண்டறிக்கை இனி புதிய செயலியில். முப்பத்திரண்டு எண் சரிபார்ப்பாளர்களும் இழுப்பாளர்கள் ஆனார்கள். எண்காரர் தலைமை இழுப்பாளர். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, இழுக்க வேண்டியது ஒண்ணும் இல்லையே, என்ன பண்றது?” என்று கவலையாகக் கேட்டார்.

“மறுபடி கீழ இழுத்துட்டு மேல இழுங்க சார்.”

எண்காரர் முகம் தெளிந்தது. முப்பத்திரண்டு குடும்பங்களும் பிழைத்தன.

அவள் பெயரை அவனே இழுத்தான். 7.2, மறைந்த ஊழியர்கள். அங்கேயே நின்றது. இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தான். நின்றுகொண்டுதான் இருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எதற்குள்ளும் எதையும் செருகலாம் என்று தெரிந்துகொண்ட இயக்குநருக்கு வியாழக்கிழமை காலை ஒரு யோசனை உதித்தது. அவனை அழைத்தார்.

“மறைந்த ஊழியர் பேருக்குள்ள ஒரு வரி செருகணும். இறுதி மொழி. கடைசியா என்ன சொன்னாங்க? விழாவுல உருக்கமா இருக்கும்.”

துணை இயக்குநர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். “‘என் உயிர் பிரியலாம், வாரியத்தின் எண்வரிசை பிரியக் கூடாது.’”

“அப்படிச் சொன்னாங்களா?”

“சொல்லியிருப்பாங்க சார்.”

இயக்குநர் யோசித்தார். “நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேனே.”

போயிருந்தார். அது அவனுக்கும் ஞாபகமிருந்தது. ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஊழியர் நலனில் வாரியத்தின் பங்கு என்று நாற்பது நிமிடம் பேசினார். பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். குளுக்கோஸ் பாட்டில் ஒன்று தீர்ந்து நர்ஸ் வேறொன்று மாட்டிவிட்டுப் போனாள். அவன் மனைவி ஆரம்பத்திலிருந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு கண்ணைத் திறந்தாள். ஒன்று சொன்னாள். பிறகு தூங்கினாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

“நான் பேசினதுக்கு அப்புறம் ஏதாவது சொன்னாங்களா?” என்றார் இயக்குநர்.

“சொன்னா சார்.”

“என்னைப் பத்தியா?”

“ஆமா சார். உங்களைப் பத்தித்தான் ஆரம்பிச்சா.”

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தார். “சொல்லாதீங்க. இப்ப சொல்லாதீங்க. அப்படியே போடுங்க, ஒரு வார்த்தை மாத்தாம. மேடையில நானே மொதல் தடவையா படிக்கிறேன்.”

“நான் ஒரு தடவை சரிபார்த்துடட்டுமா சார்?” என்றார் துணை இயக்குநர்.

“சார், மடிச்சு வெச்சிருப்பேன்” என்றான் அவன்.

விதி பதினொன்று. துணை இயக்குநர் பேனாவை மூடிக்கொண்டார்.

அவன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். வெறும் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அது ஊராருடையது ஆகிவிடும் என்று நினைத்திருந்தான். ‘மத்தது’ திறந்ததிலிருந்து அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. திறந்தபிறகும் அவள் தீர்ந்துபோகவில்லை, திட்டத்தான் செய்தாள். துணை இயக்குநரின் வாசகத்தை அங்கே வைத்துப் பார்த்தான். அதைவிட வடிகட்டியே மேல்.

தட்டினான். மடித்தான். அச்சுக்கு அனுப்பினான். அச்சு இயந்திரத்துக்கு மடிப்பு தெரியாது. எல்லாவற்றையும் விரித்துத்தான் அடிக்கும்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. ஐம்பத்திரண்டு பேரும் வரவேண்டும் என்று சுற்றறிக்கை. அறிக்கையின் அட்டையில் இயக்குநரின் பெயர் வாரியத்தின் பெயருக்கு மேலே இருந்தது. முன் வரிசையில் மாமனாரும் மாமியாரும். மாமனாரின் மடியில் அறிக்கை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மாப்பிள்ளை, எத்தனாவது பக்கம்?”

“எழுபத்தொண்ணு மாமா.”

அவர் புரட்டிக்கொண்டு வந்தார். 7.1. மேசை. மின்விசிறி. வடிகட்டி. அதற்குக் கீழே கோடு. 7.2. மகளின் பெயரில் விரலை வைத்தவர் அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் எட்டிப் பார்த்து, அந்த விரலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தானும் பார்த்தாள்.

மேடையில் இயக்குநர் செருமினார்.

“ஒரு ஊழியர் கடைசி மூச்சுல யாரை நினைக்கிறார்? பெத்தவங்களையா? கட்டினவரையா? இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். நான் அவங்க கட்டில் பக்கத்துல நின்னவன். அவங்க கண்ணை மூடி, என் ஒவ்வொரு வார்த்தையையும் உள்ள வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க சொன்னது இது. நானும் உங்களோட சேர்ந்து இப்பத்தான் படிக்கப்போறேன். பக்கம் எழுபத்தொண்ணு.”

ஐம்பத்திரண்டு அறிக்கைகள் சரசரவென்று புரண்டன. இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் தூக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார். மறுபடி தாளைப் பார்த்தார். மைக் மட்டும் மெதுவாக இரைந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

“என்ன, நிறுத்திட்டாரு?” என்றார் மாமனார்.

அவன் அவர் விரலைப் பிடித்து ஒரு வரி கீழே நகர்த்தி வைத்தான்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வரிக்கு அடியில் விரல் வைத்து, கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில் படித்தார்:

“போயிட்டாரா? கதவைச் சாத்து, திரும்பி வந்துடப்போறாரு. அந்த ஆப்பிளை நீ சாப்பிடு.”